டிரான்சிட்டிவா, இன்ட்ரான்சிட்டிவா? தமிழ்க் காது எங்கே கைகொடுக்கும், எங்கே காலை வாரும்

கேள்வி இதுதான்: "வினைச்சொல்லுக்குப் பின்னால் பெயர்ச்சொல் வந்தால் டிரான்சிட்டிவ், வராவிட்டால் இன்ட்ரான்சிட்டிவ் என்று படித்திருக்கிறேன். அப்படியானால் 'ஷி வாக்ட் டூ மைல்ஸ்' என்பதில் 'டூ மைல்ஸ்' பெயர்ச்சொல்தானே, அது ஏன் இன்ட்ரான்சிட்டிவ்? 'ஓப்பன்' எந்தப் பட்டியலில் சேரும்?"

பட்டியல் என்று ஒன்றை மனதில் வைத்துக்கொள்வதுதான் முதல் தவறு. ஆங்கிலத்தில் ஒரு வினைச்சொல்லைத் தனியாக எடுத்து வைத்துக்கொண்டு இது இந்த வகை என்று முத்திரை குத்த முடிவது கொஞ்சம் சொற்களுக்குத்தான். 'அரைவ்', 'ஹாப்பன்', 'எக்ஸிஸ்ட்' போன்றவை எப்போதும் இன்ட்ரான்சிட்டிவ். 'டிவவர்', 'டிஸ்கஸ்' போன்றவை எப்போதும் டிரான்சிட்டிவ். நடுவில் இருக்கும் பெருங்கூட்டம் வாக்கியத்துக்கு வாக்கியம் கட்சி மாறும். 'ஓப்பன்' அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தது. ஆகவே "இந்தச் சொல் எந்த வகை" என்று கேட்காதீர்கள், "இந்த வாக்கியத்தில் இது எப்படி வந்திருக்கிறது" என்று கேளுங்கள்.

தமிழ் இலக்கணத்தில் இதைச் செயப்படுபொருள் குன்றிய வினை, குன்றா வினை என்போம். செயல் செய்பவரோடு நின்றுவிட்டால் குன்றியது. இன்னொன்றின்மேல் போய் விழுந்தால் குன்றாதது. 'டிரான்சிட்டிவ்' என்ற சொல்லும் 'கடந்து போதல்' என்ற பொருளுள்ள லத்தீன் சொல்லிலிருந்து வந்ததுதான். கருத்து இரண்டு மொழிக்கும் பொது. ஆனால் அதைக் காட்டும் விதம் வேறு, நாம் வழுக்குவதெல்லாம் அங்கேதான். என் தீர்ப்பைச் சுருக்கமாக முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: தமிழ் வினையின் உருவத்தைப் பெரும்பாலும் நம்பலாம், தமிழ் வேற்றுமை உருபை நம்பவே கூடாது.

வினையின் உருவத்தை முதலில் பார்ப்போம். "தி கிளாஸ் ப்ரோக்", "ஹி ப்ரோக் தி கிளாஸ்". ஆங்கிலத்தில் இரண்டிலும் ஒரே 'ப்ரோக்'. தமிழில் சொல்லிப் பாருங்கள்: கண்ணாடி உடைந்தது, கண்ணாடியை உடைத்தான். 'ந்த்' போய் 'த்த்' வந்துவிட்டது. வளைந்தது–வளைத்தான், கிழிந்தது–கிழித்தான், எரிந்தது–எரித்தான், வளர்ந்தது–வளர்த்தான், பிரிந்தது–பிரித்தான். இந்த வரிசையில் வரும் 'பெண்ட்', 'டேர்', 'பர்ன்', 'க்ரோ', 'செப்பரேட்' எல்லாமே ஆங்கிலத்தில் இரட்டை வேடம் போடுபவை. வேறு வழிகளிலும் தமிழ் இதைக் காட்டும்: உருண்டது–உருட்டினான், திரும்பியது–திருப்பினான், மாறியது–மாற்றினான், நின்றது–நிறுத்தினான், கொதித்தது–கொதிக்க வைத்தான். ஆங்கிலம் மறைத்து வைத்திருக்கும் வேறுபாட்டைத் தமிழ் உச்சரிப்பிலேயே சொல்லிவிடுகிறது. ஆகவே ஓர் ஆங்கில வாக்கியத்தில் சந்தேகம் வந்தால் அதைத் தமிழில் சொல்லி வினையைக் கவனியுங்கள். வாயில் 'மாறியது' வந்தால் இன்ட்ரான்சிட்டிவ், 'மாற்றினான்' வந்தால் டிரான்சிட்டிவ்.

விதிவிலக்கு உண்டு. 'திற', 'மூடு', 'தொடங்கு' மூன்றும் தமிழிலேயே இரட்டை வேடக்காரர்கள்: கதவு திறந்தது, கதவைத் திறந்தான். நீங்கள் கேட்ட 'ஓப்பன்' இந்த விதிவிலக்கில் மாட்டியதால்தான் உங்களுக்குக் குழப்பம் வந்திருக்க வேண்டும். "தி டோர் ஓப்பண்ட்" இன்ட்ரான்சிட்டிவ். "ஷி ஓப்பண்ட் தி டோர்" டிரான்சிட்டிவ். இரண்டாவதில் செயப்படுபொருளாக இருந்த கதவு முதலாவதில் எழுவாய் ஆகிவிட்டது. இப்படி இடம் மாறுவதுதான் இந்த வகையின் அடையாளம்.

இதே ஜோடிப் பழக்கம் ஓரிடத்தில் கவிழ்க்கவும் செய்யும். எல்லா ஆங்கில வினைக்கும் இரட்டை வேடம் உண்டு என்று நினைத்து "ஹி ஃபெல் தி கப்", "ஹி டிஸப்பியர்ட் தி பென்" என்று எழுதுபவர்கள் உண்டு. 'ஃபால்' தானாக விழுவது மட்டும். கைதவறி விட்டால் 'ட்ராப்'. 'டிஸப்பியர்' மறைவது, மறைத்து வைப்பது 'ஹைட்'. சாவது 'டை', கொல்வது 'கில்'. இங்கெல்லாம் ஆங்கிலம் முற்றிலும் வேறு சொல்லை வைத்திருக்கிறது.

இரட்டை வேடத்தில் இன்னொரு வகையும் உண்டு. "ஷி ஈட்ஸ் ரைஸ்", "ஷி ஈட்ஸ்". இங்கே எழுவாய் மாறவில்லை. சாப்பிடுபவள் அவளேதான், செயப்படுபொருளைச் சொல்லாமல் விட்டிருக்கிறோம். 'ரீட்', 'ரைட்', 'ட்ரிங்க்', 'ட்ரைவ்', 'சிங்', 'குக்' இப்படித்தான். ஆனால் எதை விடலாம், எதை விடக்கூடாது என்பதில் ஆங்கிலம் கறார். 'ஈட்' என்பதில் விடலாம், அதே பொருளில் சற்று வேகமான 'டிவவர்' என்பதில் விடக்கூடாது. நமக்கோ எதையும் விட்டுப் பேசித்தான் பழக்கம். "பிடிச்சிருக்கா?" "பிடிச்சிருக்கு." "எடுத்துட்டு வா." "வாங்கிட்டேன்." எதை என்று யாரும் சொல்வதில்லை. அதை அப்படியே கொண்டுபோனால் "டிட் யூ லைக்?", "யெஸ், ஐ லைக்ட்", "ஐ பாட்", "ஐ புட் ஆன் தி டேபிள்" என்று வரும். நான்குமே தவறு. 'லைக்', 'வாண்ட்', 'பை', 'ப்ரிங்', 'புட்', 'என்ஜாய்' ஆகியவற்றின் பின்னால் ஓர் 'இட்' ஆவது நிற்க வேண்டும்: "ஐ லைக்ட் இட்", "ஐ பாட் இட்", "ஐ புட் இட் ஆன் தி டேபிள்". பேச்சில் இந்தத் தவறு இலக்கணப் பிழையாகக்கூட யாருக்கும் உறைப்பதில்லை, வாக்கியம் பாதியில் நின்றதுபோல் கேட்பவருக்குத் தோன்றும், அவ்வளவுதான்.

இப்போது 'டூ மைல்ஸ்' கதைக்கு வருவோம். "இரண்டு மைல் நடந்தாள்" என்றால் கேள்வி "எதை நடந்தாள்" அல்ல, "எவ்வளவு தூரம் நடந்தாள்". அளவு, நேரம், எடை, திசை சொல்லும் பெயர்ச்சொற்கள் வினைக்குப் பின்னால் வந்து உட்கார்ந்தாலும் செயப்படுபொருள் ஆகாது. "ஷி ஸ்லெப்ட் எய்ட் அவர்ஸ்", "ஹி வெய்ஸ் 60 கிலோஸ்", "வீ வென்ட் ஹோம்" எல்லாம் இப்படி. இதைக் கண்டுபிடிக்க இரண்டு சோதனை போதும். ஒன்று, அந்தப் பெயரை எடுத்துவிட்டு 'இட்', 'ஹிம்', 'ஹர்', 'தெம்' ஒன்றை வைத்துப் பாருங்கள். "ஷி ஸ்லெப்ட் தெம்" நிற்குமா? நிற்காது. இரண்டு, செயப்பாட்டு வினையாக்கிப் பாருங்கள். "எய்ட் அவர்ஸ் வேர் ஸ்லெப்ட்" என்று யாரும் சொல்வதில்லை. இரண்டிலும் தோற்றது செயப்படுபொருள் அல்ல.

அருகருகே வைத்தால் பளிச்சென்று தெரியும். "ஷி வாக்ட் டூ மைல்ஸ்" – இரண்டு மைல் நடந்தாள். "ஷி கவர்ட் டூ மைல்ஸ்" – இரண்டு மைலைக் கடந்தாள். அதே இரண்டு மைல்தான். ஆனால் இரண்டாவதை "டூ மைல்ஸ் வேர் கவர்ட் இன் ஹாஃப் அன் அவர்" என்று திருப்பிப் போடலாம், அது டிரான்சிட்டிவ். அதே 'வாக்' "ஷி வாக்ட் தி டாக்" என்று வரும்போது "ஷி வாக்ட் இட்" ஆகும், நாயை நடத்திக் கூட்டிப்போனாள் என்று பொருள் மாறும், டிரான்சிட்டிவ் ஆகிவிடும். 'வெய்' என்பதும் அப்படியே: 60 கிலோ இருக்கிறான் என்றால் இன்ட்ரான்சிட்டிவ், பையை எடை போட்டான் என்றால் டிரான்சிட்டிவ்.

செயப்பாட்டுச் சோதனை மட்டும் கண்ணை மூடிக்கொண்டு நம்பத் தக்கது அல்ல. "ஷி ரிசெம்பிள்ஸ் ஹர் மதர்" என்பதில் 'ஹர் மதர்' செயப்படுபொருள்தான், அகராதியும் டிரான்சிட்டிவ் என்றே போடும், ஆனால் திருப்பிப் போட முடியாது. 'ஹாவ்', 'லாக்', 'ஃபிட்', 'சூட்' ஆகியவையும் இந்த அடம்பிடிக்கும் கூட்டம். எதிர்ப்பக்கத்தில், "தே லாஃப்ட் அட் ஹிம்" என்பதில் 'லாஃப்' இன்ட்ரான்சிட்டிவ், 'ஹிம்' என்பது 'அட்'டோடு ஒட்டியது. ஆனாலும் "ஹி வாஸ் லாஃப்ட் அட்" என்று செயப்பாட்டு வினை வரும். கவனிக்க வேண்டியது, கடைசியில் அந்த 'அட்' விடாமல் தொங்கிக்கொண்டு நிற்பது. அதை விழுங்கிவிட்டு "ஹி வாஸ் லாஃப்ட்" என்று எழுதினால் தவறு.

"ஹி பிகேம் எ டாக்டர்" என்பதும் 'எதை' கேள்விக்கு ஏமாற்றும். இங்கே 'டாக்டர்' வேறு ஆள் அல்ல, அவனேதான். செயல் யார்மீதும் விழவில்லை. 'பி', 'பிகம்', 'சீம்' வந்தால் டிரான்சிட்டிவ் பேச்சே எடுக்க வேண்டாம். 'டேஸ்ட்', 'ஸ்மெல்', 'ஃபீல்' மட்டும் இரண்டு பக்கமும் போகும்: "தி சூப் டேஸ்ட்ஸ் குட்" சுவையாக இருக்கிறது, "ஹி டேஸ்டட் தி சூப்" சுவைத்துப் பார்த்தான்.

அடுத்தது வேற்றுமை உருபு. 'ஐ' வந்தால் டிரான்சிட்டிவ் என்று பள்ளியில் பழகிய வழி முக்கால்வாசி வேலை செய்யும், அதனால்தான் அது ஆபத்து. "புத்தகம் படித்தான்" என்று உருபே இல்லாமலும் சொல்கிறோம் என்பது முதல் சிக்கல். பெரிய சிக்கல், தமிழில் உருபு வைக்கும் இடமும் ஆங்கிலத்தில் 'அட்', 'டு' போன்ற முன்னிடைச்சொல் வைக்கும் இடமும் ஒத்துப்போகாதது. தமிழில் ஒன்றைப் 'பற்றி' விவாதிக்கிறோம், ஆகவே "டிஸ்கஸ் அபவுட்" என்று கை எழுதிவிடும். 'டிஸ்கஸ்' நேராகச் செயப்படுபொருளைப் பிடிப்பது: "டிஸ்கஸ் தி ப்ளான்". அறைக்'குள்' நுழைகிறோம், ஆனால் "என்டர் தி ரூம்". அவ'ரோடு' திருமணம், ஆனால் "ஷி மேரீட் ஹிம்". கேள்விக்'குப்' பதில் சொல்கிறோம், ஆனால் "ஆன்ஸர் தி கொஸ்டின்". சட்டத்துக்'குக்' கீழ்ப்படிகிறோம், ஆனால் "ஒபே தி லா".

இந்தத் தவறுக்குத் தமிழை மட்டும் குறை சொல்ல முடியாது. ஆங்கிலமே பொறி வைத்திருக்கிறது. வினை டிரான்சிட்டிவ் ஆக இருந்தாலும் அதன் பெயர்ச்சொல் வடிவம் முன்னிடைச்சொல் கேட்கும். 'டிஸ்கஷன் அபவுட்' சரி, 'டிஸ்கஸ் அபவுட்' தவறு. 'எம்ஃபஸிஸ் ஆன்' சரி, 'எம்ஃபஸைஸ் ஆன்' தவறு. 'எ ரிக்வெஸ்ட் ஃபார் லீவ்' சரி, 'ஐ ரிக்வெஸ்ட் ஃபார் லீவ்' தவறு. அலுவலகக் கடிதங்களில் திரும்பத் திரும்ப வரும் பிழை இந்தக் கடைசி ஒன்று. பெயருக்கு உரியதை வினைக்கு மாட்டிவிடுகிறோம்.

எதிர்த்திசையிலும் அடி விழும். பாட்'டைக்' கேட்கிறோம், ஆனால் "லிசன் டு தி சாங்". படத்'தைப்' பார்க்கிறோம், "லுக் அட் தி பிக்சர்". இங்கே 'ஐ' இருப்பதால் 'டு'வும் 'அட்'டும் விழுந்துபோய் "லிசன் தி சாங்" வருகிறது. 'சர்ச்' இதில் தனிக் கில்லாடி. "ஹி சர்ச்ட் ஃபார் தி பேக்" என்றால் பையைத் தேடினான். பை எங்கே என்று தெரியவில்லை. "ஹி சர்ச்ட் தி பேக்" என்றால் பை கையில்தான் இருக்கிறது, அதைக் குடைந்து வேறெதையோ தேடினான். 'ஃபார்' ஒன்றை விட்டால் காணாமல் போன பொருளே மாறிவிடும். 'அட்டெண்ட்' கூட அப்படி: "அட்டெண்ட் தி மீட்டிங்" கூட்டத்துக்குப் போவது, "அட்டெண்ட் டு தி மேட்டர்" விஷயத்தைக் கவனிப்பது.

வினையோடு சின்னச் சொல் ஒன்று ஒட்டி வரும்போது அந்தச் சின்னச் சொல் யார் கட்சி என்று பார்க்க வேண்டும். "ஹி ரான் அப் தி ஹில்", "ஹி ரான் அப் எ பில்". வெளித்தோற்றத்தில் ஒன்றே. முதலாவதில் 'அப் தி ஹில்' ஒரு கூட்டு: எங்கே ஓடினான், குன்றின்மேல். 'ரான்' இன்ட்ரான்சிட்டிவ். இரண்டாவதில் 'ரான் அப்' ஒரு கூட்டு: கடன் கணக்கை ஏற்றிவிட்டான். 'எ பில்' அதன் செயப்படுபொருள். 'அப்'பை நகர்த்திப் பாருங்கள். "ஹி ரான் எ பில் அப்" சரி. "ஹி ரான் தி ஹில் அப்" உளறல். 'இட்' வைத்தாலும் தெரியும்: பில் என்றால் "ரான் இட் அப்", குன்று என்றால் "ரான் அப் இட்". 'டர்ன் ஆன் தி லைட்' எந்த வகை என்று இப்போது நீங்களே சோதித்துக்கொள்ளலாம்.

பெரியவர்களையும் தடுமாற வைப்பது 'லை'யும் 'லே'யும். 'லை' கிடப்பது, படுத்திருப்பது, இன்ட்ரான்சிட்டிவ். 'லே' கிடத்துவது, வைப்பது, டிரான்சிட்டிவ். தமிழில் கிட, கிடத்து என்று கச்சிதமாகப் பொருந்துகிறது. சிக்கல் இறந்தகாலத்தில்: 'லை' இறந்தகாலத்தில் 'லே' ஆகிறது, 'ஹாவ்' உடன் வரும் முற்று வடிவம் 'லேன்'. 'லே' இறந்தகாலத்திலும் முற்று வடிவத்திலும் 'லேய்ட்'. ஆக "ஹி லே ஆன் தி பெட் யெஸ்டர்டே" சரி, நேற்றுப் படுத்திருந்தான். "ஹி லேய்ட் தி புக் ஆன் தி பெட்" சரி, புத்தகத்தை வைத்தான். "ஹி லேய்ட் ஆன் தி பெட்" என்றால் எதை வைத்தான் என்ற கேள்வி பாக்கி நிற்கும். போதாக்குறைக்குப் பொய் சொல்வதும் 'லை'தான், அதன் இறந்தகாலம் 'லைட்'. அது வேறு வேரிலிருந்து வந்த சொல். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகப் பேசுபவர்களே அன்றாடப் பேச்சில் 'லை' என்ற இடத்தில் 'லே' போடுவது சகஜம். எழுத்தில் அது மன்னிக்கப்படுவதில்லை.

'ரைஸ்' ஏறுவது: ரைஸ், ரோஸ், ரிஸன். 'ரெய்ஸ்' ஏற்றுவது: ரெய்ஸ், ரெய்ஸ்ட், ரெய்ஸ்ட். விலை 'ரோஸ்', கடைக்காரர் விலையை 'ரெய்ஸ்ட்'. 'சிட்' உட்கார்வது, 'செட்' வைப்பது. மரம் 'ஃபால்' ஆகும், மரத்தை வெட்டிச் சாய்த்தால் 'ஃபெல்', அதன் இறந்தகாலம் 'ஃபெல்ட்'. இந்த ஜோடிகள் பழைய ஜெர்மானிய மொழிகளில் இருந்த பிறவினை விகுதியின் மிச்சம்; விகுதி தேய்ந்து மறைந்துவிட்டது, அது மாற்றிவிட்டுப் போன உயிரெழுத்து மட்டும் தங்கிவிட்டது. 'ட்ரிங்க்' குடிப்பது, 'ட்ரெஞ்ச்' நனைப்பது என்பதும் அப்படிப் பிறந்த ஜோடிதான், முதலில் குடிக்க வைப்பது என்றிருந்தது. நம்முடைய ஏறு–ஏற்று மாதிரி ஒரு முறை அவர்களிடமும் இருந்திருக்கிறது, தொலைத்துவிட்டார்கள்.

'லாஃப் அட்' போல முன்னிடைச்சொல் துணைக்கு வராவிட்டால் இன்ட்ரான்சிட்டிவ் வினைக்குச் செயப்பாட்டு வடிவம் கிடையாது என்பதால் ஒரு முழுப் பிழைக் குடும்பத்தை ஒரே அடியில் ஒழிக்கலாம். "தி ஆக்ஸிடென்ட் வாஸ் ஹாப்பண்ட்", "தி எரர் வாஸ் அகர்ட்", "தி ஃபைல் வாஸ் டிஸப்பியர்ட்" மூன்றும் தவறு. 'வாஸ்' என்பதை இறந்தகால அடையாளமாக நினைத்துச் செருகிவிடுகிறோம். "விபத்து ஏற்பட்டது" என்பதில் உள்ள 'பட்டது' வேறு தூண்டிவிடுகிறது; அது "உடைக்கப்பட்டது" என்பதில் வரும் 'பட்டது' போலவே காதில் விழுகிறதல்லவா. 'வாஸ்' எடுத்துவிட்டு "தி ஆக்ஸிடென்ட் ஹாப்பண்ட்" என்று விட்டால் போதும். 'கன்சிஸ்ட்' இதே கதை: "இட் கன்சிஸ்ட்ஸ் ஆஃப் த்ரீ பார்ட்ஸ்" சரி, "இட் இஸ் கன்சிஸ்டட் ஆஃப்" தவறு. 'கம்போஸ்' டிரான்சிட்டிவ் என்பதால் "இட் இஸ் கம்போஸ்ட் ஆஃப்" சரி.

ஒரு வினோதம். "திஸ் புக் செல்ஸ் வெல்". புத்தகமா விற்கிறது? விற்பவர் கடைக்காரர். ஆனாலும் 'செல்' இங்கே இன்ட்ரான்சிட்டிவ் ஆக, செயப்படுபொருளையே எழுவாயாக்கி நிற்கிறது. தமிழிலும் "புத்தகம் நன்றாக விற்கிறது" என்று தயங்காமல் சொல்வதால் இது நமக்கு விநோதமாகவே படுவதில்லை.

இரண்டு செயப்படுபொருள் எடுக்கும் வினைகளில் ஒரே ஒரு எச்சரிக்கை. "கிவ் மீ தி புக்", "ஷோ மீ தி வே" என்று வருவதைப் பார்த்து "எக்ஸ்ப்ளெய்ன் மீ", "சஜெஸ்ட் மீ" என்று எழுதுகிறார்கள். 'எக்ஸ்ப்ளெய்ன்' விஷயத்தை மட்டும் நேராகப் பிடிக்கும், ஆள் 'டு' வழியாகத்தான் வர வேண்டும்: "எக்ஸ்ப்ளெய்ன் இட் டு மீ". 'டெல்' ஆளை நேராகப் பிடிக்கும், 'ஸே' பிடிக்காது: "டோல்ட் மீ", "செட் டு மீ". நமக்கு எல்லாம் 'எனக்குச் சொன்னான்', 'எனக்கு விளக்கினான்' என்று ஒரே 'கு'வில் முடிந்துவிடுவதால் இந்த வேறுபாடு காதுக்கு எட்டாது, மனப்பாடம்தான் வழி.

சந்தேகம் தீராதபோது கற்போருக்கான அகராதியைத் திறந்து அந்தச் சொல்லின் ஒவ்வொரு பொருளுக்கும் எதிரே என்ன குறி போட்டிருக்கிறது என்று பாருங்கள். 'டி' என்றால் டிரான்சிட்டிவ், 'ஐ' என்றால் இன்ட்ரான்சிட்டிவ். சில அகராதிகள் முழுச்சொல்லாகவே தரும். சொல்லின் தலைப்பில் பார்த்துவிட்டு மூடக் கூடாது. 'ரன்' ஓடுவது என்ற பொருளில் இன்ட்ரான்சிட்டிவ், கடை நடத்துவது என்ற பொருளில் டிரான்சிட்டிவ். 'ரிட்டர்ன்' திரும்பி வருவதில் ஒன்று, திருப்பிக் கொடுப்பதில் மற்றொன்று. புதுச்சொல்லைக் குறிப்பேட்டில் எழுதும்போது பொருளை மட்டும் எழுதாமல் அதன் வாலையும் சேர்த்து எழுதுங்கள்: 'டிஸ்கஸ் சம்திங்', 'லிசன் டு சம்திங்', 'எக்ஸ்ப்ளெய்ன் சம்திங் டு சம்படி', 'டெல் சம்படி சம்திங்'. 'அரைவ்' என்பதற்கு மட்டும் வாலில்லாமல் ஒரு கோடு போட்டு விட்டுவிடுங்கள். இடம் சொல்ல வேண்டி வந்தால் 'அட்'டோ 'இன்'னோ அப்போது வந்து ஒட்டிக்கொள்ளும்.